இடது காலுக்கு ஒரு சாக்ஸ்

மாமாவை மருத்துவமனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். இரண்டாம் மாடிக்குப் போகும் படியில் பாதி ஏறியதும் நின்று, சுவரில் கையை ஊன்றி, "லிப்டு வெக்கோணும்னு ஆருக்கும் தோணலையா?" என்று கேட்டார். என் கணவர், "அடுத்த தடவ வெச்சர்லாம்ப்பா" என்றார், வீட்டைக் கட்டியவர் தாமே என்பதுபோல. நாங்கள் திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் அந்த வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து வாடகைக்குத்தான் இருக்கிறோம்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. தாராபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அத்தை, அதாவது என் மாமியார், போனபிறகு கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டில் தனியாக இருந்தார். சர்க்கரை நோய் ரொம்ப நாளாக உண்டு. பாதங்களில் உணர்ச்சி குறைந்துபோயிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இடது காலில் செருப்பு உரசிப் புண்ணாகி, அது அவருக்கே தெரியாமல் உள்ளே போய், கடைசியில் சுண்டு விரலையும் அதற்கடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படித்ததால் அவளுடைய அறை காலியாக இருந்தது. அதை அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம்.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்புவது, சாம்பிள் சரிபார்ப்பது, தேதி தவறினால் திட்டு வாங்குவது, இதுதான் வேலை. என் கணவர் துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். துணிக்கு நடுவிலேயே நிற்க வேண்டிய வேலை, அவரால் வீட்டில் இருக்க முடியாது. என்னால் முடியும். கம்பெனியில் கேட்டேன். வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும், மிச்ச நாள் வீட்டிலிருந்தே பாருங்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு நாள் மட்டும் என் கணவர் இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார்.

அப்படித்தான் நானும் மாமாவும் ஒரு வீட்டில் பகல் முழுக்க இருக்க நேர்ந்தது. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகியும் நாங்கள் இருவரும் நேராகப் பேசிக்கொண்டது குறைவு. எதுவானாலும் அத்தை வழியாகத்தான் போகும், வரும். அத்தை இல்லாதபோது, "சாப்டீங்களா மாமா?" என்பேன். "ஆச்சுங் கண்ணு" என்பார். அதோடு முடிந்துவிடும்.

இப்போதும் அப்படியே இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பார். நான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். இடது பாதத்தின் மேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். என் கணவர் கட்டு மாற்றும் நேரத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாராபுரத்திலிருந்து யாராவது பார்க்க வருவதாகப் போன் செய்தால், "தூங்கறேன்னு சொல்லீருங்க" என்பார்.

முதல் மாற்றம் மளிகையில் வந்தது.

அவரைத் தனியே விட்டுவிட்டு நான் கடைக்குப் போக முடியாது. அதனால் போனில் ஆர்டர் போட ஆரம்பித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மணி அடித்தது. வாசலில் பழுப்புக் காகிதப் பைகள் மூன்று, வாய் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருந்தன. தூக்கி வந்து மேசைமேல் வைத்தேன். அதற்குள் பையரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. காதில் போனை வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது மாமா மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாக்கரை ஓரமாக விட்டுவிட்டு, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துவரம் பருப்புப் பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஆரு குடுத்ததுங் கண்ணு?"

"போன்ல போட்டா வருமுங்க மாமா."

"மொகமே பாக்காமப் பருப்பு வாங்கறதா?" கேட்டுவிட்டுப் பாக்கெட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு, "ஒரு தட்டு குடு" என்றார்.

தட்டு கொடுத்தேன். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார். சரசரவென்று பருப்பு விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. உள்ளங்கையால் பரப்பினார். ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்தார். எனக்கு என்னமோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

"தேவலை" என்றார்.

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உளுந்தை முகர்ந்தார். கேழ்வரகு மாவை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். தக்காளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழுத்தது முன்னால், செங்காய் பின்னால் என்று வரிசை வைத்தார். கொத்தமல்லிக் கட்டைத் தூக்கியதும் வேர் மண்ணோடு சேர்ந்த பச்சை வாசனை வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தயிர்ப் பாக்கெட்டின் குளிர்ச்சியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். நான் மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

காலிப் பைகளை அவர் தூக்கிப் போட விடவில்லை. ஓரத்தைப் பிரித்து, நீவி, சதுரமாக மடித்து, அலமாரி மேல் வைத்தார். மறுநாள் அதில் ஒன்றை எடுத்துக் கூம்பாகச் சுருட்டி, மீந்த பாசிப்பயறைப் போட்டுப் பொட்டலம் கட்டியிருந்தார். எவர்சில்வர் டப்பா வேண்டிய மட்டும் இருக்கிற வீட்டில் அது ஒரு பொட்டலமாக அடுக்களை மேடையில் நின்றது. நான் அதை எடுக்கவில்லை.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஒரு கிழமையாகிவிட்டது. காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருப்பார். என்னென்ன போட்டேன் என்று நான் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும்போதுதான் தெரிய வேண்டும். நான் வேண்டுமென்றே ஏதாவது ஒரு பொருளைப் புதிதாகச் சேர்ப்பேன். ஒரு தடவை சாமை, ஒரு தடவை பிரண்டை, ஒரு தடவை நாவல் பழம். நாவல் பழத்தைப் பார்த்ததும், "எனக்காக்கும்" என்றார். சர்க்கரைக்காரர்கள் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நம்புகிறவர் அவர்.

புண் ஆறியபிறகு மருத்துவர் சில விஷயங்களைச் சொன்னார். வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மிருதுவான ரப்பர் செருப்பு போட வேண்டும், அதற்குள் மெத்தென்ற சாக்ஸ் போட வேண்டும். சாக்ஸில் எலாஸ்டிக் இறுக்கக் கூடாது, உள்ளே தையல் உறுத்தக் கூடாது, நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். ஏன் வெள்ளை என்று கேட்டேன். "கால் உணராது. ரத்தம் வந்தா கண்ணுக்குத் தெரியணும்ல" என்றார்.

மாமா பாதிக்குத்தான் இணங்கினார். "ஊட்டுக்குள்ள செருப்பா? அது ஆவறதில்லீங்க. சாக்ஸுன்னாப் போட்டுக்கறேன்."

சாக்ஸ் வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே மிருதுவானது. சாயங்காலம் அவர் கழற்றியபோது கெண்டைக்காலுக்குக் கீழே எலாஸ்டிக் பதிந்து பள்ளமாக இருந்தது. இரண்டு விரல் இல்லாத இடத்தில் துணி மடங்கி, அந்த மடிப்பும் விரல் நுனித் தையலும் சேர்ந்து தோலைச் சிவக்க வைத்திருந்தன. எலாஸ்டிக் இல்லாதது வாங்கினேன். அது நழுவிக் குதிகாலுக்குக் கீழே சுருண்டது. மூன்றாவதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அந்தக் காலி இடத்தில் மடிப்பு விழுந்தது. எந்த சாக்ஸும் ஐந்து விரல் இருக்கும் என்று நினைத்துத்தானே செய்யப்படுகிறது.

கம்பெனிக்குப் போன நாளில், எங்களுக்குத் துணி ஓட்டித் தரும் நிட்டிங் யூனிட்காரரிடம் கேட்டேன். இடது கால் ஒரு மாதிரி, வலது கால் ஒரு மாதிரி, ஒரே ஒரு ஜோடி.

"ஒரு ஜோடிங்களா?" அவர் சிரித்துவிட்டார். "மேடம், சாக்ஸ் மிசினே வேறீங்க. நம்மகிட்ட இருக்கறதெல்லாம் பனியன் மிசினு. அப்டியே இருந்தாலும் ஒரு காலுக்கு ஆருங்க செட்டிங் மாத்துவாங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. திருப்பூரில் ஒரு நாளைக்கு ஓடும் துணியை விரித்தால் எங்கே போய் முடியுமோ தெரியாது. அதில் மாமாவின் இடது காலுக்கு ஒரு சாண் துணி கிடைக்கவில்லை. கிளம்பும்போது, "கையில வேணாப் பின்னிப் பாருங்க" என்று விளையாட்டாகச் சொன்னார். நான், "ஒரு கோன் நூல் குடுங்க" என்று விளையாட்டில்லாமல் கேட்டேன். மிச்சமிருந்த சின்ன வெள்ளைக் கோன்கள் சிலவற்றைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு பக்கமும் முனை உள்ள பின்னல் ஊசிகளை ஆன்லைனில் வரவழைத்தேன். பனியன் நூல் மிக மெல்லியது. எட்டு இழையை ஒன்றாகச் சேர்த்தால்தான் ஊசிக்குப் பிடிபட்டது. வீடியோவைப் பார்த்துப் பார்த்து முதல் வரிசையை ஏற்றினேன். அவிழ்ந்தது. மறுபடி ஏற்றினேன். சனிக்கிழமை முழுக்க இப்படியே போனது.

மறுநாள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த கீழ் வீட்டுப் பெண், மொட்டை மாடிக்குப் போகும் வழியில் எங்கள் கதவு திறந்திருப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர்.

"என்னக்கா, வலை பின்னுதியளா?"

"சாக்ஸ்மா."

"இப்படிப் பிடிச்சா கை வலிச்சிரும்லா. தாங்க இங்க." உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விடுதியில் சிஸ்டர்கள் பின்னல் சொல்லிக் கொடுத்தார்களாம். ஆனால் அவள் பின்னியது மேசை விரிப்பும் குல்லாவும்தான். சாக்ஸ் பின்னியதே இல்லை என்றாள். அதனால் இருவரும் சேர்ந்தே வீடியோவைப் பார்த்தோம், சேர்ந்தே தப்புச் செய்தோம். கெண்டைக்கால் பகுதிக்கு, பனியன் கழுத்துக்குப் போடுகிற ரிப் போலவே போடலாம், எலாஸ்டிக் இல்லாமலே இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும் என்ற யோசனை அவளுடையது.

பெரிய தொல்லை நூல்தான். எட்டு இழையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. ஒரு வரிசை பின்னினால் அரை மணி நேரம் சிக்கெடுக்க வேண்டும். மாமா தம் அறை வாசலில் நின்று இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "இந்தக் கொக்கி எதுக்குங் கண்ணு?" என்று விட்டத்தைக் காட்டினார். மகள் பிறந்தபோது தொட்டில் கட்ட அடித்தது என்றேன்.

"கோனை எதுக்குத் தரையில உருட்டறே? கடையில சணல் உருண்டைய எங்க வெப்போம்? மேல தொங்க விடுவோமல்ல, அப்பத்தான் நேரா எறங்கும்."

என் கணவர் ஞாயிற்றுக்கிழமை பழைய ஹேங்கர் கம்பிகளை வளைத்து ஒரு சட்டம் செய்து கொக்கியில் மாட்டினார். எட்டுச் சின்னக் கோன்கள் அதில் தொங்கின. இழைகள் நேராக இறங்கி மாமாவின் இடது கையில் சேர்ந்தன. அவர் வலது கையால் சுற்றினார். மளிகைக்கடையில் பொட்டலத்துக்குச் சணல் இழுத்த அதே கை வேகம். சாயங்காலத்துக்குள் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு நாலு உருண்டை சுற்றி மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டார்.

அளவு எடுப்பதுதான் மிச்சம். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. துண்டு இன்னமும் அந்தப் பாதத்தின் மேல்தான் கிடந்தது. வலது காலை அளவு வைத்துக்கொண்டு கற்பனையில் இரண்டு விரலைக் குறைத்து ஒரு சாக்ஸ் பின்னினேன். அதைப் போட்டுப் பார்த்தார். பூசணிக்காய்க்குப் பை மாட்டியதுபோல் இருந்தது. ரிப் மட்டும் நன்றாக வந்திருந்தது.

மாமா அதைக் கழற்றி மடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலமாரி மேலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்து வரச் சொன்னார். அதைப் பிரித்துத் தரையில் விரிக்கச் சொன்னார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, வாக்கரைப் பிடித்து எழுந்து, இடது பாதத்தை அதன் நடுவில் வைத்தார்.

"வரஞ்சுக்கங் கண்ணு."

நான் தரையில் உட்கார்ந்து பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தேன். மூன்று விரல் வரை வந்த கோடு சட்டென்று உள்ளே சரிந்து, பாதத்தின் ஓரத்தோடு இறங்கியது. தழும்பு இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தது. பென்சில் முனை படுவது அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நான் பிடித்திருந்த கணுக்கால் தெரிந்திருக்க வேண்டும். "கை சில்லுன்னு இருக்குது" என்றார். இருபது வருடத்தில் நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்று காலில் விழுந்ததைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

அதற்கப்புறம் பின்னல் எனக்குப் பழகிவிட்டது. பழகியது என்று சொன்னால் போதாது, பிடித்துப்போய்விட்டது. பையர் அழைப்பில் மறுமுனையில் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்குக் கீழே என் கைகள் பின்னிக்கொண்டிருக்கும். இத்தனை வருடமாகத் துணி எடைக்கு ஜி.எஸ்.எம்., நூல் பருமனுக்கு கவுண்ட், கண்ணி நீளத்துக்கு லூப் லெங்த் என்று வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன். ஒரு லூப் எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் பார்த்ததில்லை. மிஷின் சுற்றுகிற வேகத்தில் யாரால் பார்க்க முடியும்? இப்போது ஊசிமுனையில் ஒரு கண்ணிக்குள்ளிருந்து இன்னொரு கண்ணி எழுந்து வருவதைப் பார்த்தேன். அவசரப்பட்டால் வராது. வந்ததைக் கையில் தடவிப் பார்க்கலாம். நாள் முடியும்போது, காலையில் இல்லாத விரற்கடை அளவு துணி ஒன்று என் கையில் இருக்கும்.

குதிகாலுக்கு வந்ததும் கீழ் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். நேராகப் போய்க்கொண்டிருந்த குழாய் ஒன்று அங்கே வளைய வேண்டும். முன்னும் பின்னுமாகப் பின்னி, ஒவ்வொரு வரிசையிலும் கொஞ்சம் முன்பாகவே திரும்பி, திரும்பி, என்ன செய்கிறோம் என்று புரியாமலே வீடியோ சொன்னபடி செய்துகொண்டு போனோம். திடீரென்று அது ஒரு கிண்ணம்போல் குழிந்து நின்றது.

"அக்கா! வந்துட்டு!" என்று அவள் கத்தினாள். மாமா எழுந்து வந்து அந்தக் குழிக்குள் தன் முஷ்டியை வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது.

விரல் பக்கம் காகிதத்தில் வரைந்த கோட்டின்மேல் வைத்து வைத்துக் கண்ணிகளைக் குறைத்தேன். ஒரு பக்கம் மட்டும் சரிந்து, பாதி தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி ஒரு வடிவம் வந்தது. யாராவது பார்த்தால் தப்பாகப் பின்னிவிட்டதாகத்தான் நினைப்பார்கள். மாமா காலை நுழைத்தார். எங்கும் மடிப்பு விழவில்லை. எழுந்து அடுக்களை வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

"எப்டி இருக்குதுங்க மாமா?"

"கால்ல ஒண்ணுமே தெரியல கண்ணு" என்றார். சொன்னபிறகுதான் அவருக்கு எதுவுமே தெரியாது என்பது எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

இரண்டு ஜோடி பின்னி முடித்திருந்தேன், மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் மளிகை வந்தது. மாமா பிரித்தார், அடுக்கினார், மடித்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் மாத்திரை கொண்டுபோனபோது வலது பாதத்தின் அடியில், வெள்ளை சாக்ஸில், குங்குமம் வைத்ததுபோல் ஒரு புள்ளி.

கழற்றிப் பார்த்தேன். காகிதப் பையில் அடித்திருந்த பின் ஒன்று விழுந்து, அதன்மேல் அவர் கால் வைத்திருக்கிறார். சாக்ஸைத் துளைத்து உள்ளே ஏறியிருந்தது. அவர் அதோடு காலையிலிருந்து நடந்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், படுத்திருக்கிறார்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அந்தக் காலுமா?" என்று மட்டும் கேட்டார். கணவருக்குப் போன் செய்தேன். கீழ் வீட்டுப் பெண்ணின் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். அவரும் என் கணவரும் இரண்டு பக்கமும் தாங்கிப் படியிறக்கினார்கள்.

மருத்துவர் பின்னை எடுத்துச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, மருந்து கொடுத்தார். அந்த சாக்ஸை வாங்கிப் பார்த்தார். "உடனே பார்த்தீங்க. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்திருந்தா வேற கதை" என்றார். பிறகு சாக்ஸை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிவிட்டு, "யார் பின்னினது?" என்றார். மாமா என்னைக் கையால் காட்டினார்.

புண் ஆறிக்கொண்டுதான் வந்தது. மாமாதான் ஆறவில்லை. வீட்டுக்குள் செருப்பு போட மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அந்த சுலபமே எனக்குக் கவலையாக இருந்தது. அடுத்த மளிகை வந்தபோது அறையைவிட்டு வெளியே வரவில்லை. "வேண்டாங் கண்ணு. என்னால உங்களுக்குத் தொந்தரவு. நீயே எடுத்து வெச்சுக்க" என்றார். நானே எடுத்து வைத்தேன். பருப்பு டப்பாவில் விழுந்தது. அவ்வளவுதான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பைகளை அவர் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்துவிட்டு, நான் என் வேலையைப் பார்த்தேன். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. மெயில் மேல் மெயில் வந்துகொண்டிருந்தது. நிஜமாகவே எனக்கு எழுந்திருக்க நேரமில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங் கண்ணு, அதுல கீரை இருக்குதா?"

"இருக்குதுங்க மாமா. அரைக்கீரை."

கட்டில் கிரீச்சிட்டது.

"வாடுமல்ல?"

"வாடுமுங்க. சித்த நேரத்துல வந்தர்றேன்."

"பாலு?"

"பாலும் இருக்குதுங்க."

வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. "பாலையும் கீரையையும் ஒரே பையில போட்டு அனுப்பியிருக்கறானா, பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். முதல் காரியமாக ஒரு டப்பா மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பின்னாக நகத்தால் நிமிர்த்திப் பிடுங்கி, மூடியில் டிங்கென்று போட்டார். எல்லாப் பின்னும் வந்துவிட்டதா என்று சரிபார்த்துவிட்டு அதை என்னிடம் நீட்டினார். பிறகுதான் கீரையை எடுத்தார். அன்று சாமிக்கு உடைக்கத் தேங்காய் ஒன்று போட்டிருந்தேன். காதருகே ஆட்டிப் பார்த்து, "தண்ணி நெறய இருக்குது" என்றார்.

ஆவணி மாதம் தாராபுரத்திலிருந்து தம்பி மகன் குடும்பத்தோடு வந்தார். அவருடைய மகளுக்குக் கல்யாணம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை.

"பெரீப்பா, நீங்க முன்னால நிக்கோணுமுங்க."

"நிக்கற காலாப்பா இது?" என்று மாமா பேச்சை மாற்றிவிட்டார். அவர்கள் போனபிறகு பத்திரிகையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து நான் பின்னிக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து இழை சுற்றிக்கொண்டிருந்தார்.

"இத இப்டியே வெள்ளையாத்தான் போடோணுமா?"

"டாக்டர் சொன்னாரல்லங்க மாமா."

"அடியில வெள்ளையா இருக்கட்டும். மேல?" கெண்டைக்காலருகே கையை வைத்துக் காட்டினார். "வேட்டிக்கு இருக்கற மாதிரி ஒரு கரை வெச்சா என்ன? இப்டியே போனா ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்தாப்ல இருக்குமல்ல."

"எங்கீங்க மாமா போறோம்?"

"கல்யாணத்துக்குத்தான். வேற எங்க?"

கம்பெனியில் ஸ்ட்ரைப் சாம்பிளுக்கு வந்து மிஞ்சிய பச்சை நூல் இருந்தது. அவருடைய பட்டு வேட்டியை எடுத்து வந்து கரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நூல் கொஞ்சம் வெளிறியிருந்தது. என் கணவர் ஒத்துப்போகிறது என்றார். மாமா ஒத்துப்போகவில்லை என்றார். கடைசியில் அதையேதான் போட்டேன். ரிப் முடியும் இடத்தில் விரலகலத்துக்குப் பச்சைக் கரை, அதற்கு மேலே மெல்லிசாக இன்னொரு கோடு. கீழ் வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "மாப்ள சாக்ஸ் மாதிரில்லா இருக்கு" என்றாள்.

கல்யாணத்தன்று தாராபுரத்தில் மண்டபத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினோம். மாமா வாக்கரை வேண்டாம் என்று கைத்தடியோடு இறங்கினார். செருப்பும் சாக்ஸுமாகப் பெரியவர் ஒருவர் உள்ளே நுழைவதைச் சிலர் குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் கடைக்குத் தவச தானியம் போட்டுவந்த மனிதர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டோமுங்க. காலு எப்டிங்க இருக்குது?"

நான் பின்னால்தான் இருந்தேன். மாமா என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். அவர் குனிந்து, வேட்டியைச் சற்றுத் தூக்கி, இடது காலை முன்னால் நீட்டினார்.

"ரெண்டு வெரலு போச்சுங்க. மிச்சம் மூணு இருக்குது" என்றார். "மருமக பின்னுன சாக்ஸுங்க. தொட்டுப் பாருங்க, உள்ள தையலே இருக்காது."

அவர் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும் தொட்டுப் பார்த்தார். அந்த ஆளுக்கும் சர்க்கரையாம். பேச்சு அங்கிருந்து மாத்திரைக்குப் போய், கம்பங்கூழுக்குப் போய், இந்த வருடம் பருப்பு வரத்துக்குப் போனது.

சாப்பாடு முடிந்து என் கணவர் வண்டியை எடுத்து வந்தார். எனக்கு நாலு மணிக்கு ஒரு அழைப்பு இருந்தது. உள்ளே போய், "போலாமுங்களா மாமா?" என்றேன். அவரைச் சுற்றி நாற்காலிகள் கூடியிருந்தன. "நீங்க போய் வண்டியில உக்காருங்க, இதா வந்தர்றேன்" என்றார்.

நாங்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தோம். மூன்றே கால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. அவர் வரவில்லை. நான் போனை எடுத்து, அழைப்பை நாளைக்குத் தள்ளி வைக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினேன்.